சுடலைமாடனின் செல்போன் எண்

தனபாலனின் மண்டை உடைந்தபோது உம்மே ஹானி கைதட்டிக்கொண்டிருந்தாள்.

எடுத்த எடுப்பில் இப்படிச் சொன்னால் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடுவீர்கள். அப்படியில்லை கண்ணுகளா. மண்டை உடைந்தது தியாகராய நகரில், ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் பிரிகிற ஒரு சந்தில். அவள் கைதட்டியது தேனாம்பேட்டையில், ஒரு பெரிய ஓட்டலின் கீழ்த்தளக் கூடத்தில். இரண்டுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர் தூரமும் ஆனி மாதத்து வெயிலும் இருந்தன. ஆனாலும் அந்தக் கைதட்டலுக்கும் இந்த அடிக்கும் காரணம் ஒன்றுதான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

உம்மே ஹானிக்கு ராயப்பேட்டையில் வீடு. ஜாம்பஜாருக்கு இரண்டு தெரு தள்ளி, ஓட்டு வீட்டில் ஒரு போர்ஷன். முன்னறையில் அவள் புருஷன் முதஸ்ஸிர் கார்களுக்கு சீட் கவர் தைப்பான். ரெக்சின் வாடையும் பசை வாடையும் அந்த வீட்டுச் சாப்பாட்டிலேயே இருக்கும். உள்ளறையில் அவளுடைய மேசை. தபால் வழியில் பி.காம் முடித்தவள். ஆடிட்டர் இல்லை, ஆடிட்டரிடம் போவதற்கு முன் சின்னக் கடைகளின் கணக்கை எழுதிக் கட்டிக்கொடுக்கிறவள். பதினான்கு வருடமாகப் பதினோரு கடை.

அவளிடம் இருந்த சொத்து ஒன்றே ஒன்று. ஹானி சொன்னால் சரி என்று பதினோரு கடைக்காரர்களும் நம்பினார்கள். சரக்கு கொடுத்தவருக்கும் கடைக்காரருக்கும் பாக்கியில் தகராறு வந்தால் இரண்டு பேரும் அவளுக்குத்தான் போன் போடுவார்கள். மீன் கழுவிக்கொண்டிருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்துச் சொல்வாள். அந்தத் தொகைக்கு மேல் யாரும் பேசமாட்டார்கள்.

அந்த வருடம் இரண்டு கடைக்காரர்கள் அவளைவிட்டுப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கணக்கு செல்போனில் தெரிய வேண்டுமாம். மிச்சம் ஒன்பது. ஒவ்வொன்றாகப் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்போதுதான் லைனிங் துணி மொத்த வியாபாரி கோதண்டபாணி, தனக்கு வந்த அழைப்பை அவளுக்கு அனுப்பினார். இணையத்தில் கணக்கு எழுதுகிற மென்பொருள் கம்பெனி ஒன்று நடத்தும் ஒருநாள் மாநாடு, அனுமதி இலவசம், மதிய உணவு உண்டு. நமக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது, நீ போய்ட்டு வந்து சொல்லும்மா என்றார்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கே போய்விட்டாள். கூடத்துக்குள் மார்கழிக் குளிர். கழுத்தில் மாட்ட நாடா கோத்த அட்டை கொடுத்தார்கள். இடம் போதாமல் அவள் பெயரைப் பாதியில் வெட்டி அச்சடித்திருந்தது. சுற்றிலும் கோட்டுப் போட்ட ஆடிட்டர்கள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. யாரும் பக்கத்து நாற்காலியிலும் உட்காரவில்லை. புர்காவின் கையை விரல் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு முதல் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள்.

மேடையில் பேசியவன் பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாக வேடிக்கையாகப் பேசினான். இனி கணக்கு உங்கள் பெட்டியில் கிடக்காது, மேகத்தில் இருக்கும் என்று சொல்லித் திரையில் ஒரு வெள்ளை மேகத்தைக் காட்டினான். பிறகு ஒரு வரியை அழித்துக் காட்டினான். வரி போனது. இன்னொரு பட்டனைத் தட்டினான். போன வரி மறுபடி வந்து நின்றது, யார் அழித்தார், எந்தத் தேதி, எத்தனை மணி என்ற விவரத்தோடு. எழுதியதை இதில் யாராலும் மறைக்க முடியாது என்றான். உம்மே ஹானிக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

மதியம் பன்னீரும் மஞ்சள் சோறும் என்னென்னவோ இருந்தது. அவள் தயிர்ச்சோற்றை மட்டும் இரண்டு தடவை வாங்கிக்கொண்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் அறிவிப்பு வந்தது. நாலரை மணிக்குள் ஏதாவது ஒரு கடையின் கணக்கை அங்கேயே இதற்கு மாற்றுகிறவர்களுக்கு ஒரு வருடத்துக்குச் சந்தா கட்ட வேண்டாம். அவள் பையில் எல்லாக் கடைக் கணக்கும் பென் டிரைவில் இருந்தன. எது சுத்தமாக இருக்கிறது என்று யோசித்தாள். தியாகராய நகர் மேட்சிங் சென்டர். புடவைக்கு ஏற்ற நிறத்தில் ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ் விற்கிற கடை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி தனபாலனும் ஆனந்தகுமாரும் நடத்துகிறார்கள். அதைத்தான் எடுத்தாள்.

உதவிக்கு வந்த பெண் அனுப்ரியா, கம்பெனியின் ஆள். இருபத்தைந்து வயதிருக்கும். இங்கிலீஷில் ஆரம்பித்தவள், உம்மே ஹானியின் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்துவிட்டாள். நூற்றிருபது பெயர்கள் கடகடவென்று ஏறின. ஒன்றில் வந்து நின்றது.

"மேடம், சுடலைமாடன்னு ஒரு பார்ட்டி இருக்காரு. மொபைல் நம்பர் இல்லாம எடுக்க மாட்டேங்குது."

"அவருக்கு நம்பர் கெடையாதும்மா."

"லேண்ட்லைன்?"

"அவரு சாமிம்மா."

அனுப்ரியா திரையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "சாமிய ஏன் மேடம் சப்ளையர் லிஸ்ட்ல வச்சிருக்கீங்க?"

"கடை அவருக்குக் குடுக்கணுமே."

அது உண்மைதான். அந்தக் கடைக்குச் சுடலைமாடனும் ஒரு பாத்தியதைக்காரர். சகோதரர்களின் அப்பா காலத்திலிருந்து, போடுகிற பில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து ரூபாய் எடுத்துச் சாமி பேருக்கு வைத்துவிடுவார்கள். அது கடைப் பணம் இல்லை. கடை சாமிக்குத் தரவேண்டிய கடன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆடியில் ஊர்க் கோயிலில் பெரிய கொடைத் திருவிழா நடக்கும். அப்போது மொத்தத்தையும் எடுத்துப்போய்ப் பந்தல், வில்லுப்பாட்டு, கிடா, ஊர்ச்சோறு என்று செலவழித்துவிட்டு வருவார்கள். இந்த ஆடி அந்த ஆடி. ஆறு லட்சத்து நாற்பதாயிரம் சேர்ந்திருக்க வேண்டும்.

பத்துப் பூஜ்யத்தைப் போட்டுவிடுங்கள் மேடம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாள் அனுப்ரியா. பொய் நம்பரை எழுத உம்மே ஹானியின் கை வரவில்லை. கடன் கொடுத்தவருக்குப் பொய் விலாசம் எழுதுகிற மாதிரி அது. சாமிக்கும் கடைக்கும் நடுவில் போய்வருவது யார் என்று யோசித்தாள். கொடைக்கு முன்னால் ஊருக்குப் போய்ப் பந்தக்கால் நடுவது, மகுடம் அடித்துப் பாடுகிற கணியனுக்கு அட்வான்ஸ் கொடுப்பது, முப்பது நாள் விரதம் இருப்பது எல்லாம் தம்பி ஆனந்தகுமார். அவனுடைய நம்பரைப் போட்டாள். சரியான ஆளுக்குத்தான் போட்டோம் என்று மனசுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

நாலரைக்கு மேடைக்காரன் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னான். திரையில் பச்சையாக ஒரு பட்டன். மூன்று வரைக்கும் எண்ணுகிறேன், எல்லாரும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள், உங்கள் கடையோடு கொடுக்கல் வாங்கல் உள்ள அத்தனை பேருக்கும் அவரவர் கணக்கு வாட்ஸப்பில் போய்விடும் என்றான். எண்ணினான். அழுத்தினார்கள். கூடமே கைதட்டியது.

அந்த நேரத்தில் மேட்சிங் சென்டரில் ஆனந்தகுமார் மாம்பழ நிறத்தில் இரண்டு மீட்டர் லைனிங் கிழித்துக்கொண்டிருந்தான். போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். அன்புள்ள சுடலைமாடன், உங்கள் கணக்கில் நிலுவை ரூபாய் ஐம்பத்தி இரண்டாயிரம் என்றிருந்தது.

முதலில் சிரித்துவிட்டான். கல்லாவில் இருந்த அண்ணனிடம் காட்டினான். தனபாலன் சிரிக்கவில்லை. அப்புறம்தான் ஆனந்தகுமார் அதைத் திறந்து உள்ளே படித்தான். பத்து மாதத்தில் ஒன்பது தடவை பணம் எடுத்திருந்தது. ஐந்து லட்சத்து எண்பத்தி எட்டாயிரம். ஒவ்வொரு வரியிலும் அண்ணன் கையெழுத்துப் போட்ட சீட்டின் நம்பர்.

இது என்ன என்று கேட்டான். கம்ப்யூட்டர் உளறுது, கடையப் பாரு என்றான் தனபாலன். ஆனந்தகுமார் மறுபடி கேட்டான். கடையில் நாலு பெண்கள் நின்றிருந்தார்கள். தனபாலனுக்கு அவமானமாக இருந்திருக்கும்.

"சாமியே கேக்கல. நீ என்னல கேக்க?" என்றான்.

கவுண்டரில் துணி அளக்கிற இரும்பு மீட்டர் கோல் கிடந்தது. பட்டையாக, ஓரம் தேய்ந்து பளபளத்துக் கிடக்கும். ஆனந்தகுமார் அதை இரண்டு கையாலும் தூக்கினான். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது நெற்றிக்கு மேல், முடி தொடங்குகிற இடத்தில். தோல் பிளந்து வெள்ளையாகத் தெரிந்து, பிறகுதான் ரத்தம் வந்தது. தனபாலன் விழவில்லை. கையில் அகப்பட்ட பெரிய கத்தரிக்கோலை வீசினான். அது தம்பியின் கன்னத்தைக் காதுவரைக்கும் கீறிவிட்டு அலமாரியில் குத்தி நின்றது. மூன்றாவது அடிக்குக் கோல் உயர்ந்தபோது எதிர்க்கடை ஆட்கள் வந்து விழுந்து பிடித்தார்கள். வெளியே ஓடிய பெண்களின் செருப்பு இரண்டு அங்கேயே கிடந்தது. நிறம் பார்ப்பதற்காக விரித்துப் போட்டிருந்த வெளிர் ரோஜா, வெந்தயம், கிளிப்பச்சை எல்லாவற்றின் மேலும் ஒரே நிறம்.

தனபாலனுக்கு ஏழு தையல். தம்பிக்குக் கன்னத்தில் ஐந்து. பண்டல் அடுக்கு சரிந்து விழுந்துவிட்டது என்று இரண்டு பேருமே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அண்ணன் தம்பி சண்டைக்குப் போலீசைக் கூப்பிடுகிற வழக்கம் அவர்களிடம் இல்லை.

தையல் போட்ட தலையோடு தனபாலன் எல்லாரிடமும் ஒரே கதையைச் சொன்னான். நான் ஒரு ரூபாய் தொடவில்லை, வீட்டுச் செலவுச் சீட்டையெல்லாம் அந்தக் கணக்குப்பிள்ளை சாமி கணக்கில் எழுதித் தொலைத்துவிட்டாள் என்றான். அந்தக் கடைக்கு லைனிங் சரக்கு கொடுக்கிற கோதண்டபாணி நடுவில் உட்கார்ந்து பேசிப் பார்த்தார். ஆனந்தகுமார் படிக்கட்டில் இருந்தபடி ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"அந்தம்மா பொய் சொல்ல மாட்டா. அவ வந்து, தப்பா எழுதிட்டேன்னு அவ வாயால சொல்லட்டும். நான் அண்ணன் கால்ல விழுதேன். இல்ல, சரியாத்தான் எழுதுனேன்னு சொன்னாள்னா, கெடாய வெட்டுததுக்கு முந்தி இங்க வெட்டுதேன்."

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கடையில் வைத்துப் பேசி முடிப்பது என்று ஆயிற்று.

மறுநாள் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தனபாலன் தனியாக ராயப்பேட்டைக்கு வந்தான். கோதண்டபாணி இரவே போன் செய்ததில் உம்மே ஹானிக்கு அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது. விடிய விடிய அந்த ஒன்பது சீட்டையும் எடுத்து வைத்துப் பார்த்திருந்தாள். எல்லாம் அவன் கையெழுத்து. எதற்கு என்று அவள் அப்போதே கேட்டிருக்கிறாள். ஊர்க் கோயிலுக்குப் பாத்திரம் பண்டம் வாங்குகிறோம், என் வீட்டுக்காரி வழியாகத்தான் போகிறது என்று சொல்லியிருக்கிறான். அவளும் சுந்தரவல்லி வழி என்று ஒவ்வொரு வரிக்கும் தன் பார்வைக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கிறாள். சுந்தரவல்லி அவன் மனைவி.

தலையில் கட்டோடு நின்றவனுக்கு நாற்காலி போட்டாள். டீ வைக்கப் போனாள். வேண்டாம் என்றான்.

"எம்மா, அந்த ஒம்பது வரிய அழிச்சிரு."

"அழிக்கலாம் அண்ணாச்சி. அழிச்சாலும் அடியில நிக்கும். யாரு அழிச்சா, எத்தினி மணிக்கு அழிச்சா, அல்லாம் காட்டும். நேத்து அந்த மீட்டிங்ல செஞ்சே காமிச்சாங்க."

"எழுதத் தெரிஞ்சவளுக்கு அழிக்கத் தெரியாதா? ஏட்டுல எழுதுனா ஒரு தாளக் கிழிச்சா தீந்தது."

"இது ஏடு இல்ல அண்ணாச்சி."

அவன் மேசையிலிருந்த லேப்டாப்பைப் பிடுங்கினான். அவள் விடவில்லை. முன்னறையில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது. முதஸ்ஸிர் வந்து நடுவில் கையைப் போட்டான்.

"அண்ணாச்சி, பொம்பள கைல இருந்து புடுங்காத. கீழ வையி. பேசிக்கலாம்," என்றான்.

பேச்சு நடக்கவில்லை. இழுபறியில் மூன்று பேரும் முன்னறைக்கே வந்துவிட்டார்கள். ரெக்சினில் ஓட்டை வளையம் அடிக்கிற மரச்சுத்தி தையல் மெஷின் மேல் இருந்தது. தனபாலன் அதை எடுத்து லேப்டாப்பை ஓங்கி அடித்தான். மூடி நொறுங்கியது. இரண்டாவது அடி அதைப் பிடித்துக்கொண்டிருந்த முதஸ்ஸிரின் வலது மணிக்கட்டில் விழுந்தது. மூன்றாவதும் அங்கேயேதான். அது தவறி விழவில்லை. சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. முதஸ்ஸிர் கத்தவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, தொங்கிய கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு வாயால் மூச்சு விட்டான்.

தனபாலன் லேப்டாப்பை நாலு துண்டாக்கிவிட்டுத்தான் நிறுத்தினான்.

"அதுல இல்ல அண்ணாச்சி," என்றாள் உம்மே ஹானி. புருஷன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"பின்ன எங்க கெடக்கு?"

அவளுக்கு வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மேடையில் சொன்னதையே சொன்னாள். மேகத்தில் இருக்கிறது என்றாள்.

அவன் தலையை நிமிர்த்தி ஓடுகிற ஃபேனைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சுத்தியை எங்கிருந்து எடுத்தானோ அதே இடத்தில், பிடி உள்பக்கமாக இருக்கும்படி திருப்பி வைத்தான். முப்பது வருடம் கடையில் நின்றவனுடைய கை அது.

"சனிக்கெழம பதினோரு மணி. வந்து தப்பா எழுதிட்டேன்னு சொல்லிட்டுப் போயிரு. ஆஸ்பத்திரிச் செலவு நான் பாத்துக்கிடுதேன். சொல்லலன்னா, அவனுக்கு இன்னொரு கையும் இருக்குல்லா."

அதைக் கோபமில்லாமல், விலை சொல்கிற மாதிரிச் சொன்னான்.

பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். எப்படி ஆயிற்று என்று கேட்டபோது முதஸ்ஸிரே முந்திக்கொண்டு மாடிப்படியில் விழுந்தேன் என்றான். மாடியே இல்லாத வீடு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உம்மே ஹானி தால்ச்சாவும் சோறும் பிசைந்து அவனுக்கு ஊட்டினாள். கல்யாணமான புதிதில்கூட அப்படி ஊட்டியதில்லை. வெளியில் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது, பெய்யவில்லை. புழுக்கத்தில் மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது என்றான். துடைப்பக்குச்சியை விட்டு மெதுவாகச் சொறிந்துவிட்டாள்.

"இன்னா போயிடப் போவுது ஹானி. தப்பா எழுதிட்டேன்னு சொல்லு. ஒரு வார்த்தை."

"ஒரு வார்த்தைதான். அதுக்கப்புறம் எவன் என்கைல கணக்கு குடுப்பான்? ஒம்போது கடையும் பூடும்."

"கடை போனா போவுது. நான் தைச்சுப் போடறேன்."

இரண்டு பேரும் மாவுக்கட்டைப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"சரி, நீ உண்மைய சொல்றேன்னு வையி," என்றான் முதஸ்ஸிர். "அந்தத் தம்பி சொன்னத செய்றவன். மூஞ்சப் பாத்தாலே தெரியுது. நீ சொன்னதால ஒருத்தன் செத்தான்னு ஆவும். அத்த எங்க வச்சி எழுதுவ?"

அவள் அப்போதே முடிவு செய்துவிட்டாள். பொய் சொல்லிவிடலாம். ஒரு பெயர் கெட்டு ஒரு கழுத்து தப்பினால் நல்லதுதானே. பாத்திரம் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது, அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நாக்குக்குப் பழகட்டும் என்று.

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கடையின் ஷட்டரைப் பாதிக்கு இறக்கியிருந்தார்கள். உள்ளே கஞ்சி போட்ட புதுத்துணி வாசனை. அலமாரியில் கத்தரி குத்திய தழும்பு அப்படியே இருந்தது. கல்லாவில் தனபாலன், தலையில் கட்டோடு. படிக்கட்டில் ஆனந்தகுமார், கன்னத்தில் பிளாஸ்திரியோடு. நடுவில் நாற்காலி போட்டு கோதண்டபாணி. கடைக்கு மேல் மாடியில்தான் அவர்கள் வீடு. சுந்தரவல்லி எல்லாருக்கும் மோர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, உள்படியில் இறங்காமல் நின்றுகொண்டாள். ஆனந்தகுமாருக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. பதினாறு வருடமாக அவள் கைச்சோறுதான்.

முதஸ்ஸிரை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். அவன் கையைப் பார்த்துவிட்டுக் கோதண்டபாணி, இது இன்னா நைனா என்று கேட்டார். விழுந்துட்டேன் என்றான். அவர் தனபாலனை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

ஆனந்தகுமார் எழுந்து வந்து அவள் முன்னால் நின்றான். குரல் தாழ்ந்துதான் இருந்தது.

"எம்மா, நீங்க சொல்லுங்க. சாமி கணக்குல எங்கண்ணன் கைய வச்சாவளா, நீங்க தப்பா எழுதிட்டியளா?"

"நான்தான் தப்பா எழுதிட்டேன்," என்றாள் உம்மே ஹானி.

பழகியிருந்ததால் சுலபமாக வந்துவிட்டது.

ஆனந்தகுமார் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு கல்லாவைச் சுற்றிப் போய் அண்ணன் காலில் விழுந்தான். விழுந்தவன் எழவில்லை. முதுகு குலுங்கியது. தனபாலன் குனிந்து அவன் தலையைத் தடவினான், தோளைப் பிடித்துத் தூக்கினான், விடுல என்றான். கோதண்டபாணி பெரிய மூச்சாக விட்டுவிட்டு, டீ சொல்லலாமா என்று கேட்டார். முடிந்தது என்று உம்மே ஹானியும் நினைத்தாள். முதஸ்ஸிரைக் கூட்டிக்கொண்டு கிளம்பப் பையை எடுத்தாள்.

ஆனந்தகுமார் திரும்பினான்.

"நீ எழுதுன எழுத்துக்கு எங்கூடப்பொறந்தவன் மண்டைய ஒடச்சிருக்கேன்," என்றான்.

கன்னத்தில் அறைந்தான். அவள் அலமாரியில் மோதினாள். மேல்தட்டிலிருந்த துணிக்கட்டுகள் சரிந்து அவள்மேல் விழுந்தன. எழப்போனவளை மறுபடி அறைந்தான். உதடு பல்லில் குத்திக் கிழிந்தது. முதஸ்ஸிர் ஸ்டூலிலிருந்து பாய்ந்து இடக்கையால் அவன் சட்டையைப் பிடித்தான். ஒரே தள்ளு. மாவுக்கட்டு முதலில் படும்படியாக விழுந்தான். இந்தத் தடவை கத்தினான். கோதண்டபாணி பின்னாலிருந்து ஆனந்தகுமாரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வாணாம் நைனா, பொம்பளைய அடிக்காத என்று கெஞ்சினார். அறுபத்தைந்து வயது மனுஷனால் எவ்வளவு பிடிக்க முடியும்? அவரையும் இழுத்துக்கொண்டு வந்து அவன் அவள் விலாவில் உதைத்தான்.

துணிக்குவியலுக்குள் கிடந்தபடி உம்மே ஹானி தனபாலனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் இது நின்றுவிடும், அவன் சொல்வான் என்று உண்மையாகவே எதிர்பார்த்தாள். தனபாலன் தன் காலடிக்கு உருண்டு வந்த ஜாக்கெட் துணி ஒன்றை எடுத்து, தூசியைத் தட்டி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்துக்கொண்டிருந்தான்.

அவள் பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தாள். கட்டைவிரல் இரண்டு தடவை தப்பியது. மூன்றாவது தடவை திறந்தது.

"ஆகஸ்ட் ஏழு," என்று படித்தாள். குரல் கொழகொழவென்று வந்தது. "எழுபத்தஞ்சாயிரம். சீட்டு நம்பர் நானூத்திப் பன்னெண்டு. கையெழுத்து தனபாலன். சுந்தரவல்லி வழி."

ஆனந்தகுமாரின் கால் நின்றது.

"செப்டம்பர் மூணு. அறுபதாயிரம். சீட்டு நம்பர் நானூத்தி நாப்பது. கையெழுத்து தனபாலன். சுந்தரவல்லி வழி."

"அவ வாய மூடுல," என்றான் தனபாலன். துணியைக் கீழே போட்டுவிட்டுப் போனைப் பிடுங்க வந்தான். வரும்போதே கவுண்டரிலிருந்த மீட்டர் கோல் அவன் கைக்கு வந்திருந்தது. முதல் வீச்சு அவள் முழங்கையில் பட்டது. போன் கையைவிட்டுப் போகவில்லை.

இரண்டாவது வீச்சு விழவில்லை. சுந்தரவல்லி படியிறங்கி வந்து கோலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரும்பு விளிம்பு அவள் உள்ளங்கையை அறுத்து மணிக்கட்டு வழியாக ரத்தம் இறங்கியது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"மொதல் தேதி என்ன சொன்னே?" என்று உம்மே ஹானியைக் கேட்டாள்.

"ஆகஸ்ட் ஏழு."

சுந்தரவல்லி கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு ஒங்கண்ணன் என்னைத் திருவான்மியூருக்குக் கூட்டிட்டுப் போனாவ. ஒரு வக்கீல் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டேன். அங்கன ஒரு கடைக்கு அட்வான்ஸ், எம் பேருக்கு. ஏலச்சீட்டு எடுத்த காசுன்னு சொன்னாவ. அடுத்த மாசம் மூணாந்தேதியும் போனோம்."

 தனபாலன் கோலை விட்டுவிட்டான். ஆனந்தகுமார் அண்ணனைப் பார்க்கவில்லை. தான் அடித்துப் போட்டவளைப் பார்த்தான், அவள் உதட்டைப் பார்த்தான், தரையில் சுருண்டு கிடந்த முதஸ்ஸிரைப் பார்த்தான். அவன் வலதுகை மட்டும் தனியாகக் கவுண்டர் மேல் தடவிக்கொண்டு போயிற்று. அங்கே கத்தரிக்கோல் இருந்தது.

சுந்தரவல்லி அதை முந்தி எடுத்தாள். பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் வெளியே வீசினாள். தெருவில் அது விழுந்து வழுக்கிக்கொண்டு போகிற சத்தம் வந்தது. யாரோ கூச்சல் போட்டார்கள்.

"நீ யாரையும் வெட்டாண்டாம்," என்றாள் ஆனந்தகுமாரிடம். "ஒக்காரு. முழுசாக் கேளு. கேட்டுட்டு அந்தம்மா கால்ல விழு." பிறகு புருஷனுக்கும் வாசலுக்கும் நடுவில் போய், ஒழுகுகிற கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

இன்னும் ஏழு வரி இருந்தது. உம்மே ஹானி வாயில் ஊறியதைத் துப்பிவிட்டு மூன்றாவது வரியைப் படித்தாள்.